காளிங்கன் கையெழுத்துப் போட்டான்

கடைசிப் பக்கத்தைப் புரட்டியதும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், பத்தாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கீழே, சவுக்கு மரத்தடியில் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தோம். என்னோடு நிரை பிடித்துக் கொழுந்து கிள்ளும் பத்துப் பெண்கள் என்னைச் சுற்றி இருந்தார்கள். காலையெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாக்கிலிருந்து ஈர வாடையும், மூடி திறந்த போத்தல்களிலிருந்து பாலில்லாத கட்டன் சாயா மணமும் வந்தன. என் கையில் அந்த மாதத்துக் காளிங்கன் படக்கதைப் புத்தகம்.

“ஏளா செல்லக்கனி, என்ன நிறுத்திட்ட? வாசி” என்றாள் பேச்சியக்கா. எங்கள் நிரையில் மூத்தவள் அவள்தான். கன்னத்தில் எப்போதும் புகையிலை ஒதுக்கியிருப்பாள்.

எப்படி வாசிப்பேன்? கள்ளச்சாவிக் காளிங்கன், எட்டு ஜில்லாப் போலீசுக்கும் தண்ணி காட்டியவன், ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேசைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். தோள்வரை தொங்கும் முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவன் சொல்வதாக அச்சடித்திருந்தது இது: “நான் செய்ததெல்லாம் தவறு. மன்னித்துவிடுங்கள். இனி என் சாவி சட்டத்துக்காக மட்டுமே திறக்கும்.”

சட்டத்துக்காகத் திறக்குமாம்! வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைச் சரிவில் வீசியிருப்பேன். இரவல் புத்தகம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“வாசிக்கேன், பொறுங்க” என்றேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்: “இந்தா இன்ஸ்பெக்டர், நீ கேட்ட கையெழுத்து. ஆனால் இது என் பெயர் இல்லை. நாளைக் காலையில் உன் ஸ்டேஷன் பூட்டையே காணாமல் தேடப் போகிறாய் என்று சொல்லிக் காளிங்கன் சிரித்தான்.”

அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

“படத்தக் காட்டு” என்றாள் பேச்சியக்கா.

யார் இந்தக் காளிங்கன்

போன வாரம் இந்தப் பத்தியில் அட்டைக்கடியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: “ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன் என்கிறீர்கள். எழுத எங்கே கற்றீர்கள், அம்மா?” காளிங்கனிடம் கற்றேன் ஐயா. பாதி அவனிடம், மீதி பேச்சியக்காவிடம். எப்படி என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

காளிங்கன் நல்லவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதுக்கல்காரன் குடோனை உடைப்பான். எடுத்ததை ஏழைகளுக்குப் பங்கு வைத்துக் கைதட்டு வாங்குகிற ஆளும் இல்லை. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வான். போகிற போக்கில் பதுக்கல்காரன் வீட்டு அடுக்களையில் இருக்கும் தோசையையும் தின்றுவிட்டு, சட்னியில் உப்புக் குறைவு என்று கரித்துண்டால் சுவரில் எழுதிவிட்டுப் போவான். ஒரு தடவை ஜெயிலிலிருந்து தப்பித்து வெளியே வந்தவன், செருப்பை மறந்துவிட்டேன் என்று திரும்பவும் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தான். எங்கள் நிரையே சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வடித்தது அன்றைக்கு.

எங்களுக்கு அவனைப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றுதான். அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டான். நாங்கள் நாள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். பெரட்டுக்கு, அதுதான் காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, இரண்டு நிமிஷம் பிந்தினால் தப்புத்தான் ஐயா. கூடையில் முற்றின இலை கிடந்தால் தப்புத்தான் ஐயா. இருமினால்கூடத் தப்புத்தான். சொல்லிச் சொல்லி நாக்கே அதற்கு வளைந்து போயிருந்தது. மாதத்துக்கு ஒரு மத்தியானம் காளிங்கன் வந்து, “காளிங்கன் திறந்ததை மூடுவதில்லை” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து போகும்போது எங்களுக்கும் முதுகு கொஞ்சம் நிமிரும்.

கல்பாத்தி சாமி

புத்தகம் வந்த வழி ஒரு தனிக் கதை. எங்கள் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். கல்பாத்தி சாமி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மெலிந்த உடம்பு, மூக்குப்பொடி டப்பி, யார் சத்தமாகப் பேசினாலும் நடுங்கும் கை. எல்லாம் மலையாளத்தில் நடக்கும் அந்த ஆபீசில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒருநாள் ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கப் போனபோது, பெரிய ரிஜிஸ்டரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே காளிங்கன். பாலக்காட்டிலிருந்து அவர் தம்பி மாதாமாதம் தபாலில் அனுப்புவானாம். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாகவே நாலு வரி வாசித்துவிட்டேன்.

“அட, நோக்கு வாசிக்கத் தெரியுமோ?” என்று கேட்டார்.

தெரியும் என்றேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, படித்து முடித்த புத்தகத்தை மலையாளப் பேப்பரில் சுற்றித் தந்தார். அன்றையிலிருந்து மாதாமாதம் எனக்கு வரும். ஓரமெல்லாம் பொடிக்கறை இருக்கும். முதல் பக்கத்தைத் திறந்தாலே எங்களில் யாராவது ஒருத்தி தும்முவாள்.

நிரையில் எனக்கு மட்டும்தான் எழுத்துத் தெரியும். ஆகவே சவுக்கு மரத்தடியில் ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஒரு பக்கம் வாசித்தால், புத்தகத்தைத் திருப்பிப் பத்துப் பேருக்கும் படத்தைக் காட்ட வேண்டும். வாசித்ததும் படமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். பேச்சியக்கா நீதிபதி மாதிரி. “குதிரன்னு வாசிச்ச, இங்க கழுதைல்லா நிக்கி?” என்று ஒருதடவை என்னை மடக்கியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள்தான் அன்றைக்குக் காளிங்கன் குனிந்த படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். என்னை மடக்காமல் புகையிலையைத் துப்பிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நான் பார்த்த யானை

நான் ஏன் பொய்யாக வாசித்தேன் என்பது விளங்க வேண்டுமானால் அதற்கு இரண்டு நாள் முந்தி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்குப் பத்தாம் நம்பர் மேல்காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கண்ணுக்கு நேரே கையை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டம். நான் மேல் ஓரத்து நிரை. நிமிர்ந்து கூடையைச் சரிசெய்தபோது மூட்டம் ஒரு நொடி விலகிற்று. நாலு செடிக்கு அப்பால் யானை நின்றது. ஒற்றைக் கொம்பன். காதை ஆட்டவில்லை, அசையவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் மூச்சுக் காற்றில் புளித்த புல் வாடை அடித்தது. பிறகு மூட்டம் மூடிக்கொண்டது.

“யானை! எல்லாரும் இறங்குங்க!” என்று கூவினேன். பதினோரு பேரும் கூடையைப் போட்டுவிட்டு விழுந்தடித்துக் கீழே ஓடிவந்தோம். அன்றைக்கு மிச்ச நேரம் யாரும் மேலே ஏறவில்லை. இலை செடியிலேயே நின்றுவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்துச் சூப்பர்வைசர் இரண்டு ஆளோடு போய்ப் பார்த்தார். அதற்குள் பேய்மழை. மேல்காடு பாதியும் பாறை. தடமும் இல்லை, சாணியும் இல்லை.

“யானையும் இல்ல, பூனையும் இல்ல. மழைக்குப் பயந்து இவ கட்டிவிட்ட கதை” என்றார். பிறகு ஒவ்வொருத்தியாக நிறுத்திக் கேட்டார். “நீ பாத்தியா? நீ பாத்தியா?”

பேச்சியக்கா எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். “நாங்க பாக்கல. அவ பாத்தா.”

எனக்காக, நானும் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்கு அன்றைக்குக் கோபம்கூட வந்தது. அவள் சொன்னதன் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை ஆபீசுக்கு வந்து, யானை இல்லாமலே யானை என்று கூவியது என் தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கொடுக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து அறையும் போகும். அந்த ஓர் அறையில்தான் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா இறந்த பிறகு என் பெயரில்தான் அது நின்றது. அம்மாவுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

“எழுதிக் குடுத்துத் தொலையேம்ளா” என்றாள் அம்மா. “யானைக்காக யாராச்சும் வீட்ட விடுவாளா?”

சாமி சொன்ன புத்தி

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் ஆபீஸ் வராந்தாவில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

“சாமி, இது என்ன அநியாயம்? காளிங்கன் மன்னிப்புக் கேக்கதா?”

“நானும் பாத்தேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்தது” என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “காலம் அப்படியாக்கும். எங்க பாத்தாலும் ஒழுக்கம், கட்டுப்பாடுன்னு சுவர்ல எழுதி வெச்சிருக்கா. கள்ளனைப் பெரியவனாக்கிப் புஸ்தகம் போடறவாளுக்கும் பயம் இருக்காதோ? அவனும் எத்தனை நாள் ஓடுவான், கேட்டியோ? வயசாச்சோல்லியோ? ஒரு உத்தியோகம் ஆச்சு அவனுக்கு.”

“உத்தியோகமா! அவன் மூஞ்சியப் பாத்தீங்களா? பூட்டு மாட்டின கதவு மாதில்லா இருக்கு.”

சாமி பொடியை எடுத்து இழுக்காமல் விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு நீயும் ஒரு ஒப்பு போட்டுக் குடுத்துடு. கடலாசுதானே? வாயால ஒண்ணும் சொல்லண்டாம்.” அவர் பாஷையில் ஒப்பு என்றால் கையெழுத்து, கடலாசு என்றால் தாள்.

“நான் யானையப் பாத்தேன் சாமி.”

“பாத்திருப்பே. யாரு இல்லேன்னா? பாத்ததைக் கொண்டு அரிசி வாங்க முடியுமோ?”

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. லயத்துக்கு நடந்து போகும் வழியெல்லாம் காளிங்கனைத் திட்டிக்கொண்டே போனேன். எனக்கு வேண்டிய நேரம் பார்த்தா அவன் தலை குனிய வேண்டும்? ஒரு மாதம் தள்ளிக் குனிந்திருக்கக் கூடாதா? வீட்டு வாசலுக்கு வந்தபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவன் போட்டால் போடட்டும். நான் போடப் போவதில்லை.

ஆபீசில் மூன்று வரி

சனிக்கிழமை மானேஜர் மேசையில் மலையாளத்தில் டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. அப்போது எங்கள் மானேஜர் ஒரு மலையாளி. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். இலை குறைந்தால் மட்டும் கெட்டவராகிவிடுவார். சூப்பர்வைசர் சுவரோரமாக நின்றார். சாமி தன் மேசையில் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“இத எனக்கு வாசிக்கத் தெரியாதுங்கய்யா” என்றேன். “தெரியாததுல எப்படிக் கையெழுத்துப் போட? தமிழ்ல நானே எழுதித் தாரேன்.”

மானேஜர் யோசித்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். எழுதினேன். மூன்றே வரி. “பத்தாம் நம்பர் மேல்காட்டில் யானை நின்றது. நான் பார்த்தேன். நாளைக்கு நின்றாலும் கூவுவேன்.” கீழே செல்லக்கனி என்று முழுப் பெயரையும் எழுதினேன்.

மானேஜருக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. தாளைச் சாமியிடம் நீட்டினார். சாமி வாசித்தார். பிறகு மெதுவான குரலில் மலையாளத்தில் சொன்னார்: மூட்டத்தில் தெரியாமல் கூவிவிட்டாளாம், தப்பாகிவிட்டதாம், இந்த ஒருதடவை மன்னிக்க வேண்டுமாம்.

மலையாளம் எனக்கு எழுதப் படிக்க வராதே தவிர, கேட்டால் நன்றாகவே விளங்கும்.

அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். இரண்டு நாளைக்கு முன்னால் சவுக்கு மரத்தடியில் நான் வாசித்த குரல் அது. காளிங்கன்மேல் வைத்த பிரியத்தில் நான் அவன் சொல்லாததை வாசித்தேன். என்மேல் வைத்த இரக்கத்தில் சாமி நான் சொல்லாததை வாசிக்கிறார். சூப்பர்வைசர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மானேஜர் பேனாவை மூடப் போனார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அறையும் மிஞ்சும், வேலையும் மிஞ்சும். அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஒரு நிமிஷம் சும்மாதான் நின்றேன். அதை மறைக்க மாட்டேன்.

“ஐயா, அதுல அப்படி எழுதல” என்றேன்.

மானேஜர் என்னைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துச் சாமி முன்னால் வைத்தார். எஸ்டேட் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளி கொடுக்கும் தமிழ்க் கடிதத்தைக் கிளார்க் மலையாளத்தில் பெயர்த்து, உள்ளதை உள்ளபடி பெயர்த்தேன் என்று அடியில் தன் ஒப்பையும் போட வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். ஒப்புப் போட்டது பைலில் கிடக்கும்.

சாமி பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் சத்தம் போட்டாலும் நடுங்குகிற கை அது. கல்பாத்தியில் மூன்று பெண்குழந்தைகள் அவருக்கு. நான் பேசியதால் அவரையல்லவா மாட்டிவிட்டேன்.

எழுதினார். மூன்றே வரி. எழுதி, கீழே ஒப்புப் போட்டு, தாளை மானேஜர் பக்கம் திருப்பி வைத்தார்.

மானேஜர் படித்தார். முகம் சிவந்துவிட்டது. “யானை நின்றது என்று நீர் நம்புகிறீரா?” என்று மலையாளத்தில் கேட்டார்.

சாமி எழுந்து நின்றார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஞான் கண்டில்ல சார். அவள் கண்டு.”

பேச்சியக்கா சொன்ன அதே வார்த்தைகள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு அழுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று கண்ணைத் துடைக்காமல் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றேன்.

படத்தக் காட்டு

இரண்டு வாரம் எனக்கு வேலை இல்லை என்றார்கள். பெயரை வெட்டவில்லை. சாமிக்கு என்ன சொன்னார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் முதல் ரிஜிஸ்டருக்குள் புத்தகம் இல்லை. தம்பிக்கு, இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டாராம்.

“போலீஸ்காரன் கதை நேக்கு எதுக்கு?” என்றார். அவ்வளவுதான்.

அந்த இரண்டு வாரமும் எங்கள் லயத்து வாசலில் தினம் யாராவது ஒருத்தி மரச்சீனிக் கிழங்கோ அரிசியோ வைத்துவிட்டுப் போனாள். அம்மா முதல் நாள் முணுமுணுத்தாள். மூன்றாம் நாள், “உங்கப்பன் மாதியே வாய்” என்றாள். அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

திரும்ப வேலைக்குப் போன அன்று, மத்தியானம் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிட்டேன். “அன்னிக்கு நான் வாசிச்சது பொய். காளிங்கன் மன்னிப்புக் கேட்டுட்டான். கையெழுத்தும் போட்டுட்டான்.”

“தெரியும்ளா” என்றாள் பேச்சியக்கா. “கள்ளக் கையெழுத்துப் போடுதவன் அப்படியா குனிவான்? நீ வாசிச்சது நல்லா இருந்துச்சு, அதான் சும்மா இருந்தோம்.”

“இனிமே புத்தகம் வராது” என்றேன்.

போத்தல்களில் கட்டன் ஆறிக்கொண்டிருந்தது. பேச்சியக்காதான் கையைத் துடைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அவன் கெடக்கான். ஆபீசுல நீ என்னமோ எழுதிக் குடுத்தியாமே. அத வாசி.”

கையில் தாள் இல்லை. மனசில் இருந்தது. காளிங்கனை வாசிக்கும் அதே குரலில், நிறுத்தி நிறுத்தி, மூன்று வரியையும் சொன்னேன். பத்தாம் நம்பர் மேல்காட்டில் யானை நின்றது. நான் பார்த்தேன். நாளைக்கு நின்றாலும் கூவுவேன்.

முடிந்ததும் பேச்சியக்கா பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள்.

“படத்தக் காட்டு.”

நான் மேல்காட்டைக் காட்டினேன். எஸ்டேட்டில் அதுவரை இல்லாத வழக்கமாக, நிரைகளுக்கு மேலே பாறையின்மேல் யானை விரட்ட ஒரு காவல்காரன் மண்ணெண்ணெய்த் தகரமும் கம்புமாக நின்றிருந்தான். அவனை அங்கே நிறுத்தச் சொன்னது யார் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மூட்டம் அவனை மறைக்க வந்தபோது அவன் தகரத்தை ஓங்கித் தட்டினான். பேச்சியக்கா அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஆமா, சரியாத்தான் வாசிச்சிருக்க” என்றாள்.